டேக்வாண்டோ: ஊன்றிய காலிலிருந்து ஒரு தொடக்கம்

யாராவது உதைத்தால் நம் கண் உயரே போகும் காலோடு போய்விடும். வகுப்பில் சேர்ந்த முதல் மாதம் எனக்கும் அப்படித்தான். வலது முழங்காலில் வலி தொடங்கியிருந்தது. மாஸ்டரிடம் சொன்னேன். அவர் என்னை ஓரமாக உட்காரவைத்து, "இன்று நீங்கள் உதைக்க வேண்டாம். மற்றவர்கள் உதைப்பதைப் பாருங்கள். ஆனால் தரையில் இருக்கும் காலை மட்டும் பாருங்கள்" என்றார். ஒரு மணி நேரம் பார்த்தேன். கறுப்பு பெல்ட் கட்டிய பெண் ஒருத்தி உதைக்கும்போது, அவளுடைய ஊன்றிய காலின் குதிகால் எதிராளியை நோக்கி முழுவதுமாகத் திரும்பி நின்றது. என் குதிகால் அப்படித் திரும்பியதே இல்லை. தரையில் ஆணி அடித்ததுபோல் நின்றிருக்கிறது. திருப்பம் முழுவதையும் முழங்கால் வாங்கியிருக்கிறது.

அன்று எனக்கு 34 வயது. மகளைச் சேர்க்கப் போன இடத்தில் நானும் சேர்ந்திருந்தேன். இப்போது அதே வகுப்பில் புதியவர்களுக்கு அடிப்படை சொல்லிக்கொடுக்க உதவுகிறேன். யார் வந்தாலும் நான் முதலில் பேசுவது ஊன்றிய காலைப் பற்றித்தான். டேக்வாண்டோ கற்க நினைப்பவர்களுக்காகவும், பிள்ளைகளைச் சேர்க்க யோசிக்கும் பெற்றோருக்காகவும், ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் சேனலை மாற்றியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பெயரும் பிறப்பும்

கொரிய மொழியில் 'டே' என்பது காலால் தாக்குவதையும், 'க்வான்' என்பது முஷ்டியையும், 'டோ' என்பது வழியையும் குறிக்கும். காலும் கையும் கொண்டு நடக்கும் வழி என்று சொல்லலாம். மூன்றில் கால்தான் முதலில் நிற்கிறது. கலையின் இயல்பும் அதுவே.

இது 2,000 ஆண்டுப் பழமை வாய்ந்தது என்று பல வகுப்புகளில் சொல்வார்கள். பழைய கோகுரியோ அரசின் கல்லறைச் சுவரோவியங்களில் இருவர் எதிரெதிரே நின்று மோதும் காட்சி இருப்பது உண்மை. தேக்கியோன் என்ற பழைய கொரியக் கால்வித்தை இன்றும் உயிரோடு இருப்பதும் உண்மை. 2011இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுச் செல்வமாக அறிவித்தது. ஆனால் நாம் இன்று கற்கும் டேக்வாண்டோ 20ஆம் நூற்றாண்டில் உருவானது. இதைச் சொல்வதால் கலைக்கு ஒரு குறையும் வராது. பிறந்த கதை தெரிந்தால் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரிய இளைஞர்கள் சிலர் அங்கே கராத்தே கற்றுக்கொண்டு திரும்பினார்கள். லீ வொன்-குக் 1944இல் சியோலில் சுங் டோ க்வான் என்ற பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் இதுபோன்ற கூடங்கள் பெருகின. கூடத்தைக் கொரிய மொழியில் 'க்வான்' என்பார்கள். ஒவ்வொரு க்வானும் தன் கலையை ஒவ்வொரு பெயரால் அழைத்தது. 1955இல் ராணுவத் தளபதி சோய் ஹோங்-ஹி முன்வைத்த 'டேக்வாண்டோ' என்ற பெயர் ஏற்கப்பட்டது. தேக்கியோன் என்ற பழம்பெயரின் ஓசை அதில் ஒலிப்பது தற்செயல் அல்ல. அந்நிய ஆட்சியிலிருந்து வெளிவந்த ஒரு நாடு, கையில் இருந்ததை எடுத்துத் தன் கால்வித்தை மரபோடு இழைத்துத் தனக்கென ஒரு கலையை ஆக்கிக்கொண்டது. உயர்ந்த உதைகள், சுழல் உதைகள், பாய்ந்து உதைப்பது என்று அது வளர்ந்த திசை முழுக்க முழுக்கக் கொரியாவினுடையது.

இரண்டு கிளைகள்: சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

சோய் ஹோங்-ஹி 1966இல் சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பைத் தொடங்கினார். சுருக்கமாக ஐ.டி.எஃப். தென்கொரிய அரசோடு பிணக்கு ஏற்பட்டு 1972இல் கனடாவுக்குப் போய்விட்டார். அதே ஆண்டு நவம்பரில் சியோலின் கங்னாம் பகுதியில் குக்கிவோன் என்ற தலைமைப் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் முதல் உலகச் சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. உலக டேக்வாண்டோ கூட்டமைப்பும் அப்போதே பிறந்தது. 2017 முதல் அதன் பெயர் 'வேர்ல்டு டேக்வாண்டோ'.

ஒலிம்பிக்கில் நீங்கள் பார்ப்பது இந்த இரண்டாவது கிளை. ஐ.டி.எஃப். பள்ளிகளில் தொடர் அசைவுகளை 'துல்' என்பார்கள். ஒரு நாளின் 24 மணி நேரத்தை மனத்தில் வைத்து 24 துல் உண்டு. மோதலில் முகத்தில் குத்தவும் அனுமதி உண்டு. வேர்ல்டு டேக்வாண்டோ முறையில் தொடர் அசைவுக்குப் பெயர் 'பூம்சே'. முகத்தில் குத்துவது தவறு. இரண்டில் எது உயர்ந்தது என்ற வாக்குவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. எந்தக் கிளையில் சேர்கிறோம் என்பது சேரும் அன்றே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றில் மூன்றாண்டு கற்றுவிட்டு மற்றதன் போட்டிக்குப் போய் நின்றால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இனி நான் சொல்வது வேர்ல்டு டேக்வாண்டோ, குக்கிவோன் முறையைப் பற்றி.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை முழுவதுமாக உட்கார்ந்து பாருங்கள். அனுமதிக்காத இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள். தரையில் மேட் இருக்கிறதா? வெறும் சிமெண்டுத் தரையில் குதித்து உதைக்கும் பிள்ளைகளின் கணுக்கால் சில ஆண்டுகளில் பேசும். உடலைச் சூடேற்றக் குறைந்தது பதினைந்து நிமிடம் ஒதுக்குகிறார்களா? ஐந்து வயதுப் பிள்ளையையும் பதினைந்து வயதுப் பையனையும் மோதவிடுகிறார்களா? அழும் பிள்ளையிடம் மாஸ்டர் எப்படிப் பேசுகிறார்? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். வகுப்பின் தரம் கெட்டிக்கார மாணவரிடம் தெரியாது. தடுமாறும் மாணவரை நடத்தும் விதத்தில் தெரியும்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள்: கறுப்பு பெல்ட் சான்றிதழ் யார் பெயரில் வரும்? குக்கிவோன் வழங்கும் சான்றிதழ் உலகமெங்கும் செல்லுபடியாகும். உலக அளவிலான போட்டிகளில் நிற்பவர்களுக்கு அது வேண்டியிருக்கும். வகுப்பே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ் அந்தத் தெருவைத் தாண்டாது. மாஸ்டரிடம் அவருடைய சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். நல்ல மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உடை, பெல்ட், வணக்கம்

பயிற்சிக் கூடம் டோஜாங். உடை டோபோக். வெள்ளை நிறம், தலைவழியே மாட்டும் வி-கழுத்துச் சட்டை. கறுப்பு பெல்ட் பெற்றவர்களுக்குக் கழுத்துப் பட்டை கறுப்பாக இருக்கும். முதல் டோபோக்கை ஓரளவு தொளதொளப்பாக எடுங்கள். துவைத்ததும் சுருங்கும், உதைக்கும்போது தொடையில் பிடிக்கும்.

பெல்ட் கட்டுவதில் புதியவர்கள் எல்லோரும் திணறுவார்கள். நடுப்பகுதியைத் தொப்புளுக்குக் கீழே வைத்து இரு முனைகளையும் பின்னால் கொண்டுபோய்க் குறுக்காக மாற்றி முன்னே கொண்டுவாருங்கள். இப்போது இடுப்பில் இரண்டு சுற்று இருக்கும். மேலே இருக்கும் முனையை இரண்டு சுற்றுக்கும் அடியில் நுழைத்து மேலே இழுங்கள். பிறகு இரு முனைகளையும் கொண்டு ஒரு முடிச்சு. முடிச்சு தட்டையாக விழ வேண்டும். முனைகள் இரண்டும் ஒரே நீளத்தில் தொங்க வேண்டும். நீளம் மாறினால் அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். எங்கள் வகுப்பில் எதிராளிக்கு முதுகைத் திருப்பி நின்றுதான் பெல்ட்டைச் சரிசெய்ய வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகள்கூட அந்த மரியாதையை மறப்பதில்லை.

டோஜாங்கில் நுழையும்போதும் வெளியேறும்போதும், மோதலுக்கு முன்னும் பின்னும், குனிந்து வணங்க வேண்டும். இது கும்பிடுவது அல்ல, வழிபாடும் அல்ல. 'என் உடலை நம்பி உன்னிடம் தருகிறேன், நீயும் தா' என்று இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம். அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சாட்சி இருக்கிறது. சிட்னியில் தங்கம் வென்றிருந்த கியூபா வீரர் ஒருவர், காயத்துக்கான ஒரு நிமிட அவகாசத்தைத் தாண்டியதால் தகுதி இழந்தார். ஆத்திரத்தில் நடுவரின் முகத்தில் உதைத்தார். அவருக்கும் அவருடைய பயிற்சியாளருக்கும் வாழ்நாள் தடை விழுந்தது.

காதில் விழும் கொரியச் சொற்கள்

உலகின் எந்த மூலையில் வகுப்பு நடந்தாலும் ஆணைகள் கொரிய மொழியில்தான். 'சாரியொத்' என்றால் நேராக நில். 'கியோங்னே' என்றால் வணங்கு. 'ஜுன்பி' தயார். 'சிஜாக்' தொடங்கு. 'குமான்' நிறுத்து. எண்கள்: ஹானா, தூல், செட், நெட், தாசொத், யோசொத், இல்கோப், யோதோல், ஆஹோப், யோல். வாய்விட்டு எண்ணிக்கொண்டே உதைத்தால் ஒரே வாரத்தில் மனப்பாடமாகிவிடும்.

உத்திகளின் பெயர்களைத் தனித்தனியே உருப்போட வேண்டாம். கொரிய மொழியும் தமிழைப் போலவே அடையை முன்னே வைத்துப் பெயரைப் பின்னே வைக்கும். 'சாகி' என்றால் உதை, 'மாக்கி' தடுப்பு, 'ஜிருகி' குத்து, 'சோகி' நிலை. 'ஆப்' முன், 'யோப்' பக்கம், 'துவி' பின். ஆகவே ஆப் சாகி முன்னுதை, யோப் சாகி பக்க உதை, துவி சாகி பின்னுதை. 'அரே' கீழ், 'மோம்தோங்' உடல், 'ஓல்குல்' முகம். அரே மாக்கி என்றால் கீழ்த்தடுப்பு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் ஐம்பது உத்திகளின் பெயர் விளங்கிவிடும்.

உதையும் குத்தும் உச்சத்தை எட்டும் கணத்தில் வயிற்றிலிருந்து எழுப்பும் ஒலி 'கிஹாப்'. முதல் வாரம் எல்லோருக்கும் வெட்கமாக இருக்கும். தொண்டையிலிருந்து கத்தினால் தொண்டை கட்டும். மூச்சை வெடித்து வெளியேற்றும்போது வயிறு இறுகுகிறது. இறுகிய வயிறு அடியைத் தாங்குகிறது. இதுதான் அதன் பயன்.

நிற்பது, குத்துவது, தடுப்பது

ஆப் சோகி என்பது நடக்கும்போது ஓர் எட்டு வைத்து அப்படியே நின்றுவிடுவது. ஆப் குபி அதைவிட நீளம், ஏறக்குறைய ஒன்றரை எட்டு. முன்கால் முழங்காலை மடக்கி, மேலிருந்து பார்த்தால் உங்கள் கால்விரல்களை முழங்கால் மறைக்கும் அளவுக்கு இறங்க வேண்டும். பின்கால் நீட்டமாக, பாதம் முழுவதும் தரையில். ஜுச்சும் சோகி குதிரைமேல் அமர்ந்த நிலை; இரு பாதங்களும் இணையாக, முழங்கால்கள் மடங்கி. மூன்றில் இதுதான் தொடையை நடுங்கவைக்கும். ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தால் நல்ல தொடக்கம்.

முஷ்டியை முறையாக மடக்காதவர்கள் குத்தி உடைக்கும் முதல் பலகையிலேயே கட்டைவிரலை நோகடித்துக்கொள்வார்கள். நான்கு விரல்களையும் நுனியிலிருந்து உள்ளே சுருட்டுங்கள். கட்டைவிரல் வெளியே, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் குறுக்காகப் படிய வேண்டும். உள்ளே நுழையக் கூடாது. மோதுவது முதல் இரண்டு முட்டிகள் மட்டும். மணிக்கட்டு வளையாமல் முன்கையோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். குத்தும் கை உள்ளங்கை மேல்நோக்கி இடுப்பிலிருந்து புறப்பட்டு, கடைசியில் திரும்பி உள்ளங்கை கீழ்நோக்கி முடிகிறது. அதே வேகத்தில் மற்றக் கை இடுப்புக்குத் திரும்புகிறது. திரும்பும் கையை மறந்தால் குத்தில் பாதிச் சக்தி போய்விடும்.

தடுப்பு மூன்று உயரத்துக்கும் உண்டு: கீழ், உடல், முகம். கீழ்த்தடுப்பில் தடுக்கும் கை எதிர்த் தோளருகிலிருந்து கிளம்புகிறது. வேறு எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

உதை

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

முதலில் ஆப் சாகி. முழங்காலை இடுப்புக்கு மேலே தூக்கு, கீழ்க்காலை நீட்டு, மடக்கு, தரையில் வை. விரல்களைப் பின்னே இழுத்து, விரல்களுக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற பகுதியால் மோத வேண்டும். விரல் நுனியால் மோதினால் விரல் முறியும். புதியவர்கள் காலை நேராக வீசுவார்கள், பந்தை எத்துவதுபோல. முழங்கால் முதலில் உயராத உதை உதையே அல்ல. முழங்கால் உயர்ந்துவிட்டால், அது முன்னுதையா பக்க உதையா சுற்றுதையா என்பது எதிராளிக்குக் கடைசி வரை தெரியாது.

அடுத்தது டோல்யோ சாகி, சுற்றி வரும் உதை. போட்டிகளில் மிக அதிகமாகப் பார்ப்பது இதன் உறவுகளைத்தான். வலக்கால் பின்னே இருக்கட்டும். வலது முழங்காலை நேராக முன்னே தூக்குங்கள், ஆப் சாகிக்குத் தூக்கியதுபோலவே. இப்போது இடக்கால் விரல்களின் அடிப்பகுதியில் உடல் எடையை நிறுத்தி, குதிகாலைத் தரையிலிருந்து மயிரிழை அளவு தூக்கி, எதிராளியை நோக்கித் திருப்புங்கள். குதிகால் திரும்பும்போது இடுப்பு தானாகப் புரளும். இடுப்பு புரண்டதும், மேலே நோக்கியிருந்த முழங்கால் பக்கவாட்டில் சாய்ந்து இலக்கைக் காட்டும். அப்போது கீழ்க்காலை ஈரத்துணியை உதறுவதுபோல் வீசுங்கள். மோதுவது பாதத்தின் மேற்பகுதி. உதறிய அதே வேகத்தில் மடக்குங்கள். முன்னே வையுங்கள்.

இதில் எந்த அசைவும் கடினமில்லை. வரிசை பிசகாமல் செய்வதுதான் கடினம். குதிகால் திரும்புவதற்கு முன் கீழ்க்காலை வீசிவிட்டால் இடுப்பு பாதியில் நிற்கும். தரையில் இறுகிய பாதத்துக்கும் சுழலும் இடுப்புக்கும் நடுவே மாட்டிக்கொள்வது முழங்கால். என் வலிக்குக் காரணம் இதுவே. மூன்று வாரம் உதைக்காமல் குதிகாலைத் திருப்புவதை மட்டும் பழகினேன். வலி போனதோடு, எட்டாமலிருந்த உயரமும் எட்டியது. உயரமாக உதைக்கத் தொடைச் சதை நெகிழ வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. இடுப்பு திறக்காத காலை எவ்வளவு இழுத்தாலும் உயராது. இடுப்பைத் திறப்பது ஊன்றிய குதிகால்.

யோப் சாகி, மேலிருந்து கீழே இறங்கும் நேரியோ சாகி, துவி சாகி எல்லாம் இதற்குப் பின். துவி ஹுரியோ சாகி என்ற பின்சுழல் உதைக்கு அவசரப்படாதீர்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கொரியாவின் மூன் டே-சுங், கிரேக்க வீரரை அவருடைய சொந்த மண்ணில் அந்த ஓர் உதையால் வீழ்த்தினார். அந்தக் காட்சியைப் பார்க்கக் கிடைத்தால், தலைக்கு மேலே நடப்பதை ஒரு முறை பாருங்கள். இரண்டாம் முறை கீழே பாருங்கள்.

பூம்சே: கற்பனை எதிராளியோடு

பூம்சே என்பது வகுத்துவைத்த தொடர். நாலாபுறமும் எதிராளிகள் வருவதாகக் கொண்டு தடுத்து, குத்தி, உதைத்து, தொடங்கிய இடத்துக்கே திரும்புவது. தொடக்க நிலையில் டேகுக் வரிசையில் எட்டுப் பூம்சே. ஒவ்வொன்றும் ஓர் இயற்கைப் பொருளைக் குறிக்கும்: முதலாவது வானம், பிறகு ஏரி, நெருப்பு, இடி, காற்று, நீர், மலை, எட்டாவது நிலம். தென்கொரியக் கொடியின் நடுவில் இருக்கும் சிவப்பு-நீல வட்டம்தான் டேகுக். சுற்றிலும் நான்கு மூலைகளில் இருக்கும் கோடுகள் வானம், நிலம், நீர், நெருப்பு.

முதல் பூம்சேயின் தொடக்கத்தை இப்போதே செய்து பார்க்கலாம். ஜுன்பி நிலையில் நில்லுங்கள்: கால்கள் ஓர் அடி அகலம், முஷ்டிகள் தொப்புளுக்குக் கீழே. இடப்பக்கம் திரும்பி, இடக்கால் முன்னே வரும்படி ஆப் சோகியில் நின்று இடக்கையால் கீழ்த்தடுப்பு. வலக்கால் ஓர் எட்டு முன்னே, வலக்கையால் உடல் உயரத்தில் குத்து. இப்போது வலப்பக்கமாக நேர் எதிர்த்திசைக்குத் திரும்பி வலக்கையால் கீழ்த்தடுப்பு. இடக்கால் முன்னே, இடக்கையால் குத்து. பிறகு இடக்காலால் முன்பக்கம் திரும்பி, நீண்ட ஆப் குபியில் இறங்கி இடக்கையால் கீழ்த்தடுப்பு. நின்ற இடத்திலேயே வலக்கையால் குத்து. முழுப் பூம்சேயில் மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிட்டது. தரையில் நீங்கள் போகும் பாதை, மூன்று குறுக்குக் கோடுகளை ஒரு நெடுக்குக் கோடு இணைத்தது போலிருக்கும்.

பூம்சே சலிப்பு என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் எந்தக் காலில் எடை இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தேடும்போதே சலிப்பு போய்விடும். பூம்சேக்கெனத் தனி உலகப் போட்டிகளும் நடக்கின்றன. உதைக்க விரும்பி மோத விரும்பாதவர்களுக்கு அது ஒரு முழுப் பாதை.

கியோருகி: போட்டியைப் பார்ப்பது எப்படி

மோதலுக்குப் பெயர் கியோருகி. எண்கோண வடிவ மேட் விரிப்பில் ஒருவர் சிவப்பு, ஒருவர் நீலம். இரண்டு நிமிடச் சுற்றுகள், இடையே ஒரு நிமிட ஓய்வு. முன்பு மூன்று சுற்றுப் புள்ளிகளையும் கூட்டுவார்கள். இப்போது மூன்றில் இரண்டு சுற்றை வென்றவரே வெற்றியாளர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கும் இந்த முறையில்தான் நடந்தது.

பாரிஸில் இருந்த புள்ளிக் கணக்கு எளிது. உடற்கவசத்தில் குத்துக்கு 1, உதைக்கு 2. தலையில் உதைக்கு 3. முதுகைத் திருப்பிச் சுழன்று உதைத்தால் உடலுக்கு 4, தலைக்கு 5. இடுப்புக்குக் கீழே உதைப்பது, முகத்தில் குத்துவது, விழுவது, எல்லைக்கு வெளியே போவது எல்லாம் 'கம்ஜோம்'. எதிராளிக்கு ஒரு புள்ளி.

உடற்கவசத்திலும் தலைக்கவசத்திலும் உணர்கருவி உண்டு, காலுறையிலும் உண்டு. போதுமான பலத்தோடு உதை பட்டால்தான் எண் ஏறும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மின்னணுக் கவசம் வந்தது. அதற்கு முன் நடுவர்கள் கண்ணால் பார்த்துப் பொத்தானை அழுத்தினார்கள், சண்டையும் சச்சரவும் மிகுந்தது. மின்னணுக் கவசம் நியாயத்தைக் கொண்டுவந்தது. கூடவே, முன்காலைத் தூக்கியபடியே வாள்சண்டைபோல் தட்டிக்கொண்டிருக்கும் ஆட்டத்தையும் கொண்டுவந்தது. எனக்கு அதில் வருத்தமுண்டு. ஆனால் ஒற்றைக் காலில் அவ்வளவு நேரம் துள்ளி நிற்பவர்களின் ஊன்றிய கால் வலிமையைப் பார்த்தால் குறை சொல்ல வாய் வருவதில்லை.

1988 சியோல், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குகளில் காட்சிப் போட்டியாக இருந்த டேக்வாண்டோ, 2000 சிட்னியிலிருந்து பதக்கப் போட்டி. அதன்பின் நடந்ததுதான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. வியட்நாமின் முதல் ஒலிம்பிக் பதக்கம் சிட்னியில் டேக்வாண்டோவில் வந்தது. தைவானின் முதல் தங்கங்கள் 2004இல். ஆப்கானிஸ்தானின் முதல் பதக்கம் 2008இல் ரொகுல்லா நிக்பாய் பெற்ற வெண்கலம். 2016 ரியோவில் அகமது அபுகௌஷ் ஜோர்டானுக்கு முதல் பதக்கத்தைத் தங்கமாகவே கொண்டுவந்தார். அதே ரியோவில் ஐவரி கோஸ்ட்டின் ஷேக் சிஸ்ஸே இறுதிப் போட்டியின் கடைசி நொடியில் உதைத்த உதை அவர் நாட்டுக்கு முதல் தங்கம். தாய்லாந்தின் பானிபாக் டோக்கியோவிலும் பாரிஸிலும் தொடர்ந்து தங்கம் வென்றார். தாயகமான கொரியாவோ டோக்கியோவில் ஒரு தங்கமும் இல்லாமல் திரும்பியது. நீச்சல்குளமோ குதிரையோ தேவையில்லாத விளையாட்டு. ஒரு மேட் விரிப்பும் ஒரு மாஸ்டரும் இருந்தால் போதும். அதனால்தான் காபூலிலிருந்தும் ஐவரி கோஸ்ட்டின் அபிட்ஜானிலிருந்தும் வீரர்கள் வர முடிகிறது. கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான டேக்வாண்டோ டோக்கியோ பாராலிம்பிக்கிலிருந்து நடக்கிறது.

நீங்கள் மோத இறங்கும்போது தலைக்கவசம், உடற்கவசம், முன்கை, கீழ்க்கால், இடுப்படிக் கவசங்கள், பல்காப்பு எதுவும் விடுபடக் கூடாது. சேர்ந்த ஆறு மாதத்துக்குள் முழுவேக மோதலுக்கு அனுப்பும் வகுப்பு வேண்டாம். தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வந்தால் அன்று ஆட்டம் முடிந்தது. மருத்துவரைப் பார்க்காமல் திரும்ப இறங்கக் கூடாது.

பெல்ட் தேர்வு

வெள்ளையில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு, நடுவே இடைநிலைகள். கறுப்புக்கு முன் 'குப்' என்ற பத்துப் படிகள், எண் பத்தில் தொடங்கி ஒன்றுக்கு இறங்கும். கறுப்பில் படிக்குப் பெயர் 'டான்', எண் ஒன்றிலிருந்து ஏறும். 15 வயது நிறையாதவர்களுக்கு டானுக்குப் பதில் 'பூம்'. பாதி சிவப்பு, பாதி கறுப்பு பெல்ட். முதல் டானிலிருந்து இரண்டாவதுக்குக் குறைந்தது ஓராண்டு, அங்கிருந்து மூன்றாவதுக்கு இரண்டாண்டு, நான்காவதுக்கு மூன்றாண்டு காத்திருக்க வேண்டும்.

கறுப்பு பெல்ட் எப்போது கிடைக்கும் என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். கொரியாவில் பல பிள்ளைகள் வாரத்தில் ஐந்து நாளும் டோஜாங் போவதால் ஓரிரு ஆண்டில் முதல் பூம் பெறுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பு போகும் நம் பிள்ளைக்கு மூன்று, நான்கு ஆண்டு ஆகும். அதே இரண்டு வகுப்பில் ஓராண்டில் கறுப்பு என்று ஒருவர் வாக்குக் கொடுத்தால் அவர் விற்பது துணியை.

வீட்டில் பதினைந்து நிமிடம்

வகுப்பில்லாத நாளில் இதைச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓட்டம், கால்களை முன்னும் பக்கமும் ஊசலாட்டுவது. உடல் சூடேறாமல் தொடையை இழுத்துப் பிடிக்காதீர்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சுவரில் ஒரு கையை ஊன்றி, டோல்யோ சாகியை நான்காகப் பிரித்து மெதுவாக: முழங்கால், குதிகால், உதறல், மடக்கல். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நொடி நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து. மெதுவாகச் செய்யும்போது விழுகிறீர்கள் என்றால், வேகமாகச் செய்யும்போதும் விழுந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். வேகம் அதை மறைக்கிறது.

சுவரை விட்டு வந்ததும் சாக்பீஸால் தரையில் இலக்கை நோக்கி ஒரு நேர்க்கோடு போடுங்கள். ஊன்றும் பாதத்தைக் கோட்டின்மேல், விரல்கள் இலக்கைப் பார்க்க வையுங்கள். உதையுங்கள். மடக்கிய கால் மேலே இருக்கும்போதே குனிந்து பாருங்கள்: குதிகால் எங்கே இருக்கிறது? கோட்டுக்குக் குறுக்கே நின்றால் பாதி வந்துவிட்டீர்கள். கோட்டின்மேலேயே திரும்பி இலக்கைப் பார்த்தால் அடுத்த காலுக்கு மாறலாம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அந்தக் கோடு மழைக்கு மழை அழிகிறது. மகள்தான் திரும்பப் போடுகிறாள்.